உசுரு வந்துருச்சு

இன்று காலை வத்தலக்குண்டிலிருந்து ஒரு பந்தல்காரர் தன் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவந்து நம் கடை வாசலில் இறக்கினார். “இஞ்சின் கும்முன்னு ஓடுதுக்கா. கரண்டு மட்டும் வரமாட்டேங்குது” என்றார். எல்லோரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கயிற்றை இழுத்து ஓடவிட்டு, டெஸ்ட் லேம்ப்பின் இரண்டு வயரையும் சொருகினேன். பல்பு எரிந்தது என்றும் சொல்ல முடியாது, எரியவில்லை என்றும் சொல்ல முடியாது. உள்ளே இருந்த இழை மட்டும் மங்கலாகச் சிவந்து நின்றது. மண்ணெண்ணெய்ப் புகை முகத்தில் வந்து மோதியது. அந்தப் புகையும் அந்தச் சிவப்பும் சேர்ந்து வந்ததில் என் கை அப்படியே நின்றுவிட்டது.

“என்னக்கா, காயில் போச்சா?” என்று அவர் பதறினார்.

“காயிலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கார்பன் தேஞ்சிருக்கும். செத்த நேரம் உக்காருங்க.”

உரசி உரசிக் கரண்டைக் கடத்துகிற அந்தக் கார்பன் கட்டையை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் போனதும் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. இருக்கும்போது எழுத வேண்டிய தேவை வரவில்லை. ஒரே வீடு, ஒரே கடை. பேச வேண்டியதை எல்லாம் இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிவிட்டோம்.

திண்டுக்கல்லில் அப்பாவின் வைண்டிங் கடைக்கு நீங்கள் முதன்முதலாக வந்ததும் இதே வாக்கியத்தோடுதான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கன்னிவாடி ரோட்டில் ரேடியோ செட்டு, சீரியல் பல்பு, ஒரு ஜெனரேட்டர் என்று புதிதாக வாடகைக் கடை போட்டிருந்தீர்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். “இஞ்சின் பிரமாதமா ஓடுதுங்க. பல்புதான் எரியல. மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன், அம்புட்டும் டூப்ளிகேட் பல்பு” என்று பல்பு விற்றவனைத் திட்டினீர்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கரண்டே வராத மிஷினுக்குப் பல்பை மாற்றிக்கொண்டிருந்த மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்பா மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் படுத்த இடத்தை விட்டு அசையவில்லை. “இதுல உசுரே இல்லயே தம்பி” என்றார். நீங்கள் ஓரடி பின்னால் போனீர்கள்.

அது அப்பாவின் சொல். ஓடி நின்ற பிறகும் ஜெனரேட்டரின் இரும்பில் துளியூண்டு காந்தம் தங்கியிருக்கும். அடுத்த தடவை ஓடும்போது அந்தத் துளியிலிருந்துதான் கரண்ட் பிறந்து, காயிலுக்குப் போய், தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு மேலே வரும். அந்தத் துளி போய்விட்டால் இஞ்சின் நாள் முழுக்க ஓடினாலும் ஒன்றும் வராது. மற்ற கடைகளில் காந்தம் போச்சு என்பார்கள். அப்பா உசுரு போச்சு என்பார். பேட்டரியிலிருந்து இரண்டு வயரை எடுத்து, பிளஸ் மைனஸ் பார்த்து, கார்பனில் கண நேரம் தொட்டு எடுத்தால் போதும். அதற்குப் பெயர் உசுரு கொடுப்பது. அன்றைக்கு அதைச் செய்தவள் நான்தான். முள் துள்ளி எழுந்தது, பல்பு பளிச்சென்று எரிந்தது. நீங்கள் பல்பைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கல்யாணத்துக்குப் பிறகு சொன்னீர்கள். பொய்யாகவும் இருக்கலாம். பேச்சில் நீங்கள் என்றைக்குமே தாராளம்.

கல்யாணமானதும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். இஞ்சின் உங்களுக்கு, காயில் எனக்கு. இஞ்சின் இருமுவதைக் கேட்டே எங்கே அழுக்கு அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவீர்கள், ஆனால் கடைசிவரை வோல்டேஜுக்கும் ஆம்பியருக்கும் வித்தியாசம் தெரியாது. கேட்டால், “அதுக்குத்தானே உன்னயக் கட்டியாந்தேன்” என்பீர்கள். நம் பழைய மிஷினில் வேகத்தைச் சீராக வைக்கிற கவர்னர் தேய்ந்துபோயிருந்தது. பல்பும் செட்டுமாக லோடு ஏறுகிற சமயத்தில் யாராவது ஆக்சிலேட்டரைக் கையால் தூக்கிப் பிடிக்காவிட்டால் இஞ்சின் அமுங்கி நின்றுவிடும். அதனால் நீங்கள் அந்தப் பக்கம் ஆக்சிலேட்டரோடும் நான் இந்தப் பக்கம் மீட்டரோடும் நிற்போம். முள் எழுந்ததும் நான் கத்துவேன்: “உசுரு வந்துருச்சு!” நீங்கள் வேகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து கத்துவீர்கள்: “போடு புள்ள!” அதற்குப் பிறகுதான் லோடு சுவிட்சில் கை வைப்பேன்.

கல்யாண வீடானாலும் தேர்த் திருவிழாவானாலும் அதுதான் முறை. நீங்கள் போடு என்று சொல்லாமல் நான் ஒரு தடவையும் போட்டதில்லை. வீட்டில் உங்கள் பேச்சு எதையும் நான் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஒன்றில் மட்டும் நமக்குள் ஒத்துப்போனதே கிடையாது. சாவு வீட்டுக்கு மிஷின் அனுப்ப உங்களுக்குப் பிடிக்காது. போய்விட்டு வந்த மிஷின் சரியாக ஓடாது, பாதிக்குப் பாதி உசுரு இல்லாமல்தான் திரும்பி வருகிறது என்பீர்கள். நான் காரணம் சொல்வேன். கல்யாண வீட்டில் பொறுப்பாக ஒரு ஆள் பக்கத்திலேயே இருப்பான். சாவு வீட்டில் மிஷினை யார் கவனிக்கிறார்கள்? மண்ணெண்ணெய் தீர்ந்து, லோடோடு திணறித் திணறி நிற்கும். அப்படி நின்றால் இரும்பில் இருக்கிற காந்தம் அழிந்துபோகும். இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

“நீ காரணத்தச் சொல்லுற புள்ள. நான் நடந்ததச் சொல்லுறேன்” என்றீர்கள் ஒருநாள். “அங்க எதோ அதக் கொஞ்சம் எடுத்துக்கிருது.”

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டி நம் பக்கத்து ஊர்களுக்கும் வரத் தொடங்கியபோது உங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை உடலைக் குளிரில் வைக்கிற பெட்டி. பெட்டிக்குக் கரண்ட் வேண்டும், கரண்டோ இஷ்டத்துக்கு வந்து போனது. பெட்டிக்காரர்கள் நம் கடையைத் தேடி வந்தார்கள். நீங்கள் வேண்டாவெறுப்பாகக் கொடுத்துவிட்டு, மிஷின் திரும்பி வந்ததும் முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டு, “உசுரு இருக்கா பாரு” என்பீர்கள். இல்லாத நாளில் நீங்கள் சரியாகச் சாப்பிட மாட்டீர்கள்.

அப்புறம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். வாயுப் பிடிப்பு என்றீர்கள். சோடா வாங்கிவர ஆள் போனது. சோடா வருவதற்குள் போய்விட்டீர்கள். நம் மகள் அப்போது டெல்லியில் ஆஸ்பத்திரி நர்ஸ். போனில் அவள் அழவில்லை. “அம்மா, நான் ரயில் ஏறிட்டேன். அப்பா மொகத்தப் பாக்காம மூடிராதீங்க. வந்துக்கிட்டே இருக்கேன்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சரி என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நம் கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டி வந்தது. மாடத்தில் மெழுகுவர்த்தி. தலைமாட்டில் நான். கால்மாட்டில் உங்கள் அக்கா. உங்களைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட, உங்களை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்த என் மதினி. அவர் அழாமல், கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வேலிப் பக்கம் நம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்கிற பொறுப்பை, “நான் பாத்துக்கிறேங்க்கா, நீங்க உள்ள இருங்க” என்று பெட்டிக்காரர் ஏற்றுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம். செபமாலை நடந்துகொண்டிருந்தது. வெளியே இஞ்சின் சத்தம் மாறியது. திணறியது, இழுத்தது, நின்றது. பெட்டியின் முனகலும் நின்றது. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெட்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். யாரோ ஓடிப்போய்க் கூட்டிவந்தார்கள், எண்ணெய் ஊற்றினார்கள், கயிற்றை இழுத்தார்கள். இஞ்சின் ஓடியது. பெட்டி ஓடவில்லை. அணைத்து மறுபடி இழுத்தார்கள். பெட்டி அசையவில்லை. சித்திரை வெயில். கூடத்தில் அத்தனை பேர் மூச்சு. ஊர் லைனில் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மகளின் ரயில் எங்கேயோ வந்துகொண்டிருந்தது.

பெட்டிக்காரர் வாசல்படியில் வந்து நின்றார். “இஞ்சின் ஓடுதுக்கா. கரண்டு மட்டும் வரல” என்றார்.

நான் எழுந்தேன். தலைமாட்டில் உட்கார்ந்தவள் அடக்கம் முடியும்வரை எழக்கூடாது என்பது ஊர் வழக்கம். பக்கத்திலிருந்த பெண்கள் என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். “எங்க போற? உக்காரு, உக்காரு” என்றார்கள். உதறிவிட்டுப் போனேன். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அதைவிட, நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கே ஏதோ அதைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

பெட்டி வயரைப் பிடுங்கினேன். லோடு இல்லாமல் ஓடவிட்டு மீட்டரைப் பார்த்தேன். முள் தரையோடு படுத்துக் கிடந்தது. டெஸ்ட் லேம்ப்பைப் போட்டேன். இழையில் சிவப்புகூட இல்லை. இஞ்சினை நிறுத்தி, பின்மூடியைக் கழற்றி, கார்பனைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. கார்பன் உரசுகிற வளையத்தைத் துணியால் துடைத்தேன், அதிலும் குறையில்லை. காயிலை மீட்டரில் பார்த்தேன், எங்கேயும் அறுந்திருக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. உசுருதான் இல்லை.

பேட்டரி வேண்டும். கடைக்குப் போய் எடுத்துவர நேரமில்லை. சுவரோரம் உங்கள் மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கவாட்டு மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினேன். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு முந்தின சாயங்காலம்தான் ஒட்டன்சத்திரம் வரை அந்த வண்டியில் போய்வந்தீர்கள். அந்த ஓட்டத்தில் ஏறிய சார்ஜ்தான் அதில் இருந்தது. உங்கள் கையால் ஏறிய கரண்ட் என்று எனக்குத் தோன்றியது. பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் பார்ப்பதற்குள் கண் கலங்கிக் கலங்கி வந்தது.

பெட்டிக்காரரை இஞ்சினைக் கிளப்பச் சொல்லிவிட்டு, வயரைத் தொட்டேன். சின்னதாக ஒரு பொறி. எடுத்தேன். முள் ஒரு துடிப்புத் துடித்தது, பிறகு விறுவிறுவென்று எழுந்து போய் நேராக நின்றது. பிடுங்கி வைத்திருந்த பெட்டி வயரைத் திரும்பச் சொருகினேன். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல், இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கத்தில், இஞ்சின் சத்தத்துக்கு மேலே வீடு அதிரக் கத்தினேன்.

“உசுரு வந்துருச்சு!”

கூடத்தில் செபமாலை பாதி வார்த்தையில் நின்றது.

அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது. ஆண் குரல். “போடு.” அவ்வளவுதான் நிச்சயம். அதன் பின்னால் “புள்ள” என்றும் வந்ததா, நானே சேர்த்துக்கொண்டேனா என்று அப்போதே எனக்குத் தெரியவில்லை. காது கேட்டது, கை சுவிட்சைப் போட்டுவிட்டது. அந்தச் சொல்லுக்குக் கேள்வி கேட்டு என் கைக்குப் பழக்கம் இல்லை. லோடு விழுந்தது. ஆக்சிலேட்டர் பக்கம் யாரும் இல்லை. பெட்டிக்காரர் இந்தப் பக்கம் என் அருகில் நின்றுகொண்டிருந்தார். கவர்னர் தேய்ந்த அந்த மிஷின் அமுங்கி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. யாரோ தாங்கிப் பிடித்ததுபோல ஒரே வேகத்தில் ஓடியது.

உள்ளே ஒரு அலறல்.

கம்ப்ரசர் கிளம்பும்போது பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கும். அந்தக் குலுக்கலில் உங்கள் மார்பில் கிடந்த மாலை அசைந்திருக்கிறது. உசுரு வந்துருச்சு என்று மனைவி வெளியே கத்துகிறாள், உள்ளே மாலை அசைகிறது. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? நான் ஓடிவந்தபோது மதினி மூடியைத் தூக்கி எறியாத குறையாகத் திறந்துவிட்டு, உங்கள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஏலே அப்பு, எந்திரிடா. அக்கா இங்கனதான்டா இருக்கேன். எந்திரிச்சிரு.”

பாதிப் பேர் வெளியே ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் பெட்டியைச் சுற்றி நெருக்கினார்கள். கண் அசைந்தது என்று ஒருத்தி சொன்னாள். உதடு அசைந்தது என்று இன்னொருத்தி. குளிர் முழுக்க வெளியே போய்க்கொண்டிருந்தது.

“மதினி, மூடுங்க. நான் சொன்னது மிஷினுக்கு. காந்தத்துக்கு நாங்க சொல்லுற வார்த்தை அது.”

“வார்த்தையா?” மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. “கூப்ட்டவளும் நீதான். வந்தவன வார்த்தைங்கிறவளும் நீதானா?”

மூடியைப் பிடித்திருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். குனிந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். ஒரு அசைவும் இல்லை. அதில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாம் தெரிந்தவள் நான், எனக்கும் ஏமாற்றமாக இருந்தது.

மூடியை மூடினேன். செத்த நேரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படர்ந்தது. உங்கள் வாய்க்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு. திறந்தபோது உள்ளே போன வெக்கைக் காற்று குளிரில் நீராகிறது, வேறொன்றும் இல்லை. அதை நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மதினி வெளிப்பக்கத்தில் முந்தானையால் துடைத்தார். உள்ளே இருக்கிறது எப்படிப் போகும்? துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோயில் உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், பயந்துபோயிருந்தார். “சனங்க ஒரு மாதிரி பேசுதும்மா. சாயங்காலம் பங்குச் சாமியார் வாராரு. அதோட அடக்கத்த முடிச்சிருவோம். பிள்ளைக்குப் பக்குவமாச் சொல்லிக்கலாம்” என்றார்.

“எம்மக வராம எடுக்க விடமாட்டேன்” என்றேன். “பெட்டி ஓடும். நான் ஓட்டுறேன்.”

அதற்குப் பிறகு நான் தலைமாட்டுக்குப் போகவே இல்லை. ஜெனரேட்டர் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். புருஷன் கூடத்தில் கிடக்க மிஷினோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று காதுபடவே பேசினார்கள். பேசட்டும். ஊர் லைனில் கரண்ட் வந்தபோதுகூட நான் மாற்றவில்லை. இருட்டி, விடிகிறவரை எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

நடுவில் பெட்டிக்காரரிடம் கேட்டேன்: “போடுன்னு சொன்னது யாரு?”

“தெரியலயேக்கா. யாரோ சொன்னாங்க. அதான நீங்க போட்டீங்க?”

அவருக்கும் கேட்டிருக்கிறது. அன்றைக்கு அங்கிருந்த ஆண்கள் ஒவ்வொருவரிடமும் பிற்பாடு கேட்டுப் பார்த்துவிட்டேன். பின்னால் பெஞ்சு போடச் சொன்னவர்கள் உண்டா, பந்தலில் துணி போடச் சொன்னவர்கள் உண்டா என்று. போடு என்பது நம் ஊரில் நிமிஷத்துக்கு ஒருவர் சொல்கிற சொல். ஆனாலும் நான்தான் சொன்னேன் என்று ஒருவர்கூட முன்வரவில்லை.

காலையில் மகள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேரே பெட்டிக்குப் போனாள். மதினி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “நீ படிச்சவ தாயி. இவுக சொல்றத நான் நம்பமாட்டேன். நீ பாத்துச் சொல்லு.” மகள் மூடியைத் தூக்கச் சொன்னாள். உங்கள் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பழக்கம் போலிருக்கிறது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. கூடம் முழுக்க அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா போயிட்டாரு அத்த” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “மொகம் அப்படியே இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அழத் தொடங்கினாள். 

சாமியார் ஜெபம் முடித்தார். சவப்பெட்டிக்கு மாற்ற வேண்டும். பெட்டிக்காரர் ஜெனரேட்டர் பக்கம் போனவர் தொடாமல் திரும்பி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை.

நான் போனேன். முறைப்படி முதலில் லோடை எடுத்தேன். கூடத்தில் பெட்டியின் முனகல் ஓய்ந்தது. பிறகு எண்ணெயை மூடினேன். இஞ்சின் உடனே நிற்கவில்லை, குழாயில் இருந்ததைக் குடித்து முடிக்கிறவரை ஓடிவிட்டு நின்றது. முள் கீழே வந்து படுத்தது. நிமிர்ந்தபோது மதினி வாசலில் நின்றிருந்தார்.

“நிப்பாட்டிட்டியா?” என்றார்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அவர் என்னோடுதான் இருந்தார். சண்டை கிடையாது. எனக்குச் சோறும் வெஞ்சனமும் எடுத்துவைக்காமல் அவர் சாப்பிட்டதில்லை. ஆனால் கடையில் நான் எந்த மிஷினை நிறுத்தினாலும், சத்தம் ஓய்ந்த மறுகணம் வாசலில் வந்து நிற்பார். “நிப்பாட்டிட்டியா?” ஆமா மதினி என்பேன். திரும்பிப் போய்விடுவார். குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வருவார். உங்களைக் கொன்றவள் நான்தான் என்று அவர் மனதில் ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சில நாளில் எனக்கும் அப்படித்தான் ஓடும். காரணம் சொல்லத் தெரிந்தவளுக்கு அதெல்லாம் ஓடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மதினி படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். மகள் அப்போது திண்டுக்கல்லுக்கே வேலைக்கு வந்துவிட்டிருந்தாள். அவள் மருந்து வாங்கப் போயிருந்தாள், நாங்கள் இரண்டுபேர்தான்.

“எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி வேணாம் புள்ள. வர்றவுக வரட்டும், வராதவுக போகட்டும். அன்னைக்கே கொண்டுபோயிருங்க.”

“ஏன் மதினி இப்புடிப் பேசுறீக?”

“இன்னொரு தடவ உன்னால நிப்பாட்ட முடியாது.”

நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் போனபோதுகூட அப்படி அழவில்லை. அவர் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்த பிறகு, சாதாரணமாக, சந்தைக்குப் போய்வந்த கதை சொல்வது போலச் சொன்னார்:

“நீ கத்துனதுக்காகவா நான் மூடியத் தொறந்தேன்னு நெனச்ச? அவன் பதில் சொன்னான்ல. ‘போடு புள்ள’ன்னு. அது என் காதுல விழுந்துச்சு. போடச் சொன்னவன் நிப்பாட்டச் சொல்லலயே. அதான் ஒவ்வொரு தடவையும் உன்னயக் கேட்டேன், எதுவும் சொன்னானான்னு.”

போடு என்று யார் சொன்னது என்பதை ஊரெல்லாம் கேட்டிருக்கிறேன், அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் புள்ள என்று கேட்டதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மகளிடம்கூட இல்லை.

மதினி கேட்டுக்கொண்டபடி அவர் போன அன்றைக்கே அடக்கம் செய்தோம். பெட்டி வைக்கவில்லை.

நான் இன்னும் இந்த வேலையைத்தான் செய்கிறேன். உசுரு போன மிஷின்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எழுப்பி அனுப்புகிறேன். முள் எழுகிறபோது தொண்டைவரை அந்தச் சொல் வந்துவிடும். பல்லைக் கடித்து நிறுத்திக்கொள்வேன். அன்றைக்குக் கத்தியதுதான் கடைசி. வருகிறவர்கள் என்னை வாய்பேசாத பொம்பளை என்று நினைக்கிறார்கள். பேச்செல்லாம் உங்களோடு தீர்த்துவிட்டேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பயம். நான் கத்தி, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம்.